மஞ்சள் பட்டை

"ஐயோ... நெஞ்சு!"

ஆஸ்பத்திரி எம்.டி. தன் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி கட்டிலிலேயே விழுந்து கிடந்தார். காலை பதினொரு மணி. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

நர்ஸ் ஊசி குத்தி டிரிப்ஸ் மாட்டினாள்.

"இது... என்ன மருந்து?"

"வெறும் சலைன் சார். அடைப்பைக் கரைக்கிற மருந்து பீரோவுக்குள்ள இருக்கு. டெபாசிட் ஏறாம கம்ப்யூட்டர் பீரோவைத் திறக்காது. நீங்க போட்ட ரூல்!"

"நான் எம்.டி.ம்மா!"

"சிஸ்டத்துக்கு எல்லாரும் பேஷன்ட்தான் சார்."

எம்.டி. நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பில்லிங் சாஃப்ட்வேர் பார்க்கிறவளைக் கூப்பிடு... ஓடு!"

ஓடத் தேவையில்லை. அவள் தலைமாட்டிலேயே நின்றிருந்தாள். கையில் டேப்லெட். திரையின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை. அதற்குக் கீழே சிவப்பில்... 'மருந்து நிறுத்தம்!'

"திறந்து விடும்மா... உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"திறக்கலாம். ஒரு பாஸ்வேர்டு வேணும்."

"எதுக்கு?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தின அட்மிஷன் பதிவு. அழிஞ்சு போச்சுன்னு கோர்ட்ல சொன்னீங்களே, அது. அழிக்கலை, பூட்டித்தான் வெச்சிருக்கீங்கன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

எம்.டி. திருதிருவென்று விழித்தார்.

"நீ... யாரு?"

"இதே கட்டில்ல செத்தவனோட அக்கா. கோர்ட்ல நீங்க பார்த்தது எங்கப்பாவை மட்டும்தான். தம்பியை உயிரோடதான் கூட்டிட்டு வந்தோம். உங்க ரூல் எங்களை நாற்பத்தேழு நிமிஷம் கவுன்ட்டர்ல நிக்க வெச்சுது. அப்புறம் நாங்க வந்த நேரத்தை மாத்தி, பொணமாத்தான் வந்தான்னு எழுதிட்டீங்க! நாளைக்குக் கடைசி விசாரணை."

அவள் குரல் உயரவே இல்லை.

"அது... அக்கவுன்ட்ஸ்காரன் செஞ்ச வேலை..."

"நேரம் போகுது சார். என் தம்பிக்குப் போன மாதிரியே."

மானிட்டர் கீக்... கீக்... என்றது.

கௌரவமாவது, கேஸாவது! கண்ணை இறுக மூடிக்கொண்டு பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக ஒப்பித்தார்.

அவள் தன் செல்போனில் தட்டினாள். பழைய பதிவு திறந்தது. அடுத்த நிமிடம் வக்கீலுக்குப் பறந்தது.

"இப்பவாவது பீரோவைத் திற...!"

நர்ஸ் சிரித்தாள்.

"நீங்க வந்து படுத்ததுமே திறந்தாச்சு சார். டிரிப்ஸ்ல ஓடுறது அந்த மருந்துதான்."

"அப்போ... அந்தத் திரை?"

"ட்ரெய்னிங் காப்பி," என்றாள் அக்கா. "புதுசா சேர்றவங்க பழகுற பொம்மை சாஃப்ட்வேர். மஞ்சள் பட்டை இருந்தா எதுவும் நிஜம் இல்லைன்னு கவுன்ட்டர்ல உட்கார்ற எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் ஒரு கிளாஸுக்கும் வரலையே! நிஜ சாஃப்ட்வேர்ல இருந்த உங்க டெபாசிட் பூட்டை நான் சேர்ந்த மாசமே கழட்டி எறிஞ்சுட்டேன்."

"பாவி... அதுக்கு என்னைச் சாக விட்டிருக்கலாமே!"

"அவ்வளவு சுலபமா விட்டுடுவேனா? நீங்க நல்லா இருக்கணும் சார். கூண்டுல ஏறி நின்னு, எங்கப்பா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லணும்!"

போர்வையை இழுத்து அவர் கழுத்து வரை போர்த்தி விட்டாள்.

"டிஸ்சார்ஜ் அன்னைக்கு வண்டி வாசலுக்கே வரும். டெபாசிட் கேட்க மாட்டாங்க... போலீஸ்காரங்க அந்த விஷயத்துல ரொம்பத் தாராளம்!"