எண்கள் இல்லாத கடிகாரம்!

“ஆ...!”

அலறல்!

கெமாஸை அடுத்த ரப்பர் தோட்டத்துத் திடலில் படம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் திடுக்கிட்டது. பிறகு சிரித்தது.

படத்தில் யாரோ கத்தியதாக நினைத்தார்கள்.

படம் அப்படி! தூக்கத்தில் கொலை செய்துவிட்டோமோ என்று பயந்த ஒருவன், மனநோய் டாக்டரிடம் தன் கனவைச் சொல்கிறான். ஆளில்லாத தெரு. கோபுரத்தில் ஒரு கடிகாரம். முட்கள் இருக்கின்றன... எண்கள் இல்லை!

படம் முடிந்தது. விளக்கு வந்தது.

திரைத்துணிக்குப் பின்னால், முள்வேலி ஓரமாக, கூலியாட்களிடம் வேலை வாங்கும் மாயாண்டி மண்டோர் செத்துக் கிடந்தார்.

கழுத்தில் பால்வெட்டுக் கத்தி!

மறுநாள் காலை.

திடலில் போலீஸ் லாரி உறுமியபடி நின்றது. உள்ளே கைவிலங்குடன் பால்வெட்டுத் தொழிலாளி தங்கராஜு. லாரியின் பின்பலகையை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தாள் அவன் மனைவி பஞ்சாலை.

“சார்... கொண்டு போவாதீங்க சார்! படம் பூரா என் மடியிலதான் படுத்துத் தூங்கினாரு!”

இன்ஸ்பெக்டர் துரைசிங்கம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“கத்தி உன் புருஷனோடது. முந்தாநாள் ‘உன்ன தீத்துருவேன்’னு மண்டோர்கிட்ட கத்தினதும் உன் புருஷன்தான்.”

“கத்தி வாசல் கூரையில சொருகியிருந்துச்சு. யாரு வேணா உருவலாம் லா! கோவத்துல கத்துறவன்லாம் கொல்றானா?”

“இது அவசரகாலம்மா. மண்டோரைக் கொன்னா, காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்களோட ஆளுன்னுதான் மேல சொல்வாங்க. லாரி சிரம்பான் கோர்ட்டுக்குப் போயிட்டா என் கையில ஒண்ணுமில்ல. கயிறுதான்.”

பஞ்சாலை பலகையை விடவில்லை. தங்கராஜு விலங்குக் கையால் அவள் விரல்களைத் தொட்டான்.

துரைசிங்கம் திரும்பிக்கொண்டார். தொடுவதற்கு ஒரு கை இருப்பது சின்ன விஷயம் இல்லை.

“சார், ஒண்ணு சொல்லணும்...”

படம் ஓட்ட வந்த சந்திரன். ரீல் பெட்டியோடு நின்றான்.

“கனவு சீன்லதான் அந்த அலறல் கேட்டுச்சு. ஆனா படத்துல அந்த இடத்துல சத்தமே கிடையாது, சார்!”

அப்படியானால் கத்தியது... மாயாண்டி!

துரைசிங்கம் லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

“டேய் தங்கராஜு! கனவுல என்ன பாத்தே?”

“என் கனவுலயா சார்?”

“படத்துல வந்த கனவுலடா!”

“எழுத்து போட்டாங்க சார்... அப்புறம் தூங்கிட்டேன்.”

பஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள்.

“பொய்யாவது சொல்லேன்யா! நேத்துப் பாத்தவங்கள கேட்டாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

கூட்டத்தின் முன்னால் நின்ற, தோட்ட ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி கந்தையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துச் சிரித்தார்.

“ஆழ்மனம், கனவு எண்டால் இவைக்கு என்ன விளங்கும், இன்ஸ்பெக்டர்?”

“நீங்க பாத்தீங்களா?”

“முன் கதிரையில இருந்து முழுக்கப் பாத்தனான். எழும்பவே இல்லை.”

“அந்தக் கடிகாரம்...? எனக்குப் புரியல.”

கந்தையாவின் முகம் மலர்ந்தது.

“அவன் செய்த குற்றத்தை மறக்கப் பாக்கிறான். அதால எண்கள் இல்லை. ஆனா உள்மனம் விடுகுதில்லை. அதால முள்ளு மட்டும் நிக்குது. விளங்குதோ?”

“பிரமாதம்! மணி என்ன காட்டுச்சு?”

“மூண்டு. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.”

“என்னா கிராணியாரே!” கூட்டத்திலிருந்து ராக்கம்மா கத்தினாள். “ஒம்போது லா அது!”

“ஒம்போது! ஒம்போது!”

“ஒம்போதுதான் சார்,” என்றான் சந்திரன். “தோட்டம் தோட்டமா ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?”

துரைசிங்கம் கூட்டத்தின் பக்கம் கையை நீட்டினார். அடுப்புக்கரித் துண்டு ஒன்றை வாங்கினார். இன்னும் அவிழ்க்காமல் தொங்கிய திரைத்துணியில் ஒரு வட்டம் போட்டார். ஒரு முள் நேர் மேலே. சின்ன முள் இடது பக்கம். ஒன்பது மணி!

“கிராணியார், அந்தப் பக்கம் போய்ப் பாருங்க.”

கந்தையா போகவில்லை.

ராக்கம்மா போனாள். வெயிலில் துணியை ஊடுருவிக் கரிக்கோடு தெரிந்தது.

“ஆத்தாடி... இங்கேர்ந்து மூணு மணி!”

கந்தையாவின் கண்ணாடி கீழே விழுந்தது.

“அலறல் கேட்டப்ப நீங்க முன் நாற்காலியில இல்ல,” என்றார் துரைசிங்கம். “துணிக்குப் பின்னால மாயாண்டியோட நின்னீங்க. ஏன்?”

“காட்டுக்கு அரிசி குடுத்ததை அவன் கண்டுபோட்டான்... உங்களிட்ட சொல்லுவன் எண்டவன்...” கந்தையாவின் குரல் உடைந்தது. “அரிசி குடுக்காட்டி அவங்கள் கொல்லுவாங்கள். குடுத்தால் நீங்கள் தூக்கில போடுவியள். நான் எங்க போறது? சொல்லுங்கோ!”



“அதுக்கு என் புருஷன் கத்திதான் கெடைச்சுதா?” என்றாள் பஞ்சாலை.

கந்தையா தலை குனிந்தார்.

“குத்திப்போட்டு நிமிந்தன். மேல... அந்தக் கடிகாரம். ராத்திரி முழுக்க அதுதான்...”

விலங்கு கை மாறியது.

தங்கராஜு லாரியிலிருந்து குதித்தான். பஞ்சாலை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அடித்தாள். அழுதாள்.

“கும்புடுறேன் சார்!” என்றான் தங்கராஜு. “இனிமே சத்தியமா படத்துல தூங்க மாட்டேன்!”

லாரியில் ஏறிய துரைசிங்கம் திரும்பிப் பார்த்தார்.

“நல்லா தூங்குடா! முழிச்சிருந்து பாத்தவன்தான் தூக்குக்குப் போறான்!”