சாட்சிக் கண்ணாடி

கடைசியாக வந்த பார்வையாளர்களை வழியனுப்பிக் கதவைச் சாத்திய பிறகும் காற்று மெஷின் அடங்கவில்லை.

வாசலில் செருப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்து காதைத் தீட்டினாள். வீட்டுக்குள் கூட்டம் இருக்கும்போது அந்த மெஷின் கூரைக்குள்ளிருந்து புஸ்புஸ்ஸென்று இரைக்கும். கூட்டம் கலைந்து அவள் மட்டும் மிஞ்சியதும், பால் குடித்த பூனை மாதிரி, உற்றுக் கேட்டால் மட்டுமே கேட்கும் ஒரு முனகலாகச் சுருண்டுகொள்ளும். மாதக்கணக்கில் தனியாக இருந்ததில் அந்த முனகல்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. இன்றைக்கு அது சுருண்டுகொள்ளவில்லை. சமையலறைச் சுவரில் இருந்த சின்னப் பலகையில் ஒரு பச்சைக் கோடு எரியவேண்டிய இடத்தில் இரண்டு எரிந்தன.

அந்த வீடு ஆட்களை மூச்சை வைத்து எண்ணும், ஆளுக்கு ஒரு கோடு. கட்டடக் கம்பெனி காட்சிக்காகக் கட்டிய மாதிரி வீடு அது. சுவரெல்லாம் இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகள், இரண்டு பக்கமும் மண் பூச்சு, ஒரு முழத்துக்கும் அதிகமான கனம். ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே சத்தம் வராது, சூடு வராது, தூசி வராது, காற்றும் வராது. அதனால்தான் மெஷின். உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சை அளந்து, அதற்கேற்ற அளவு வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடும். கூரைக் குழாய் வழியாகப் பகல் வெளிச்சம் இறங்கும், குளியலறையில் மழைத் தண்ணீர் வரும், தரையில் எங்கோ இடித்த பள்ளிக்கூடத்தின் ஓடுகள். இதையெல்லாம் மேனேஜர் சொல்லும்போது வெயில் அடிப்பதும் மழை பெய்வதும் அவர் தயவில்தான் என்று தோன்றும்.

ஆள் வசிக்காத வீட்டை யாரும் நம்பி வாங்கமாட்டார்கள் என்று அவர்தான் சின்னவளை அங்கே குடிவைத்தார். சமைத்துச் சாப்பிட வேண்டும், துணி உலர்த்த வேண்டும், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும். குடும்பம் இருப்பதாகத் தெரியவேண்டும் என்பதற்காக வாசலில் ஓர் ஆண் செருப்பும் ஒரு குழந்தைச் செருப்பும் வாங்கிப் போட்டிருந்தார். குளியலறையில் மூன்று பிரஷ், சின்ன அறையில் குழந்தைக் கட்டில். "வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க" என்று சிரிப்பாள். கணவன் போன இடம் அவளுக்கே தெரியாது. மகள் குட்டி, அக்கா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குத் தரச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் குட்டியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். இன்றைக்குப் பார்த்து இந்த மெஷினுக்குக் கிறுக்குப் பிடிக்க வேண்டுமா?

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"சென்சார் கெட்டுப் போச்சா பாருங்கண்ணே. நான் ஒருத்திதான் இருக்கேன், ரெண்டு கோடு காட்டுது."

"இப்பதானே புதுசு போட்டேன். அது பொய் சொல்லாதும்மா. வந்தவங்கள்ல யாராவது பாத்ரூம்ல இருப்பாங்க, தட்டிப் பாரு."

"யாரும் இல்லண்ணே."

"அப்ப நீதான் ரெண்டு ஆளு மூச்ச விடுற" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூரைக் குழாயிலிருந்து இறங்கிய வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, தரை ஓடுகளின் மேல் ஒரு கறை மாதிரி மிஞ்சியது. அவள் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தாள். நுழைந்த அறையில் விளக்கு தானாக எரிந்தது. விட்டுவந்த அறையில் தானாக அணைந்தது. குளியலறைத் திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. அலமாரிக்குள் இல்லை. குழந்தைக் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தபோது, யாருமே படுத்திராத அந்த மெத்தையின் புது நெடி முகத்தில் அடித்தது. யாராவது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தாள்.

கூடத்துக்குத் திரும்பியபோதுதான் அது கண்ணில் பட்டது.

கூடத்துச் சுவரின் நடுவே, முகத்தளவுக்கு, உள்ளே தெரியும்படி ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. சுவருக்குள் இருப்பது வைக்கோல்தான் என்று காட்டுவதற்காக மண் பூசாமல் விட்ட இடம். மேனேஜர் அதற்குச் 'சாட்சிக் கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார். காலையில் பளிச்சென்று இருந்த கண்ணாடி இப்போது வெளுத்துப்போயிருந்தது. முந்தானையால் துடைத்தாள். வெண்மை போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். ஆவி உள்பக்கம் படிந்திருந்தது.

வைக்கோல் சுவருக்கு ஈரம்தான் எமன். ஒரு பக்கம் நைந்தால் சுவரே புழுத்துப்போகும், இன்ஸ்பெக்டர் ஈரத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போடமாட்டார், வீட்டைப் பூட்டிவிடுவார்கள், குட்டி அக்கா வீட்டிலேயே வளர்ந்து பெரியவளாகிவிடுவாள். மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் நாமே திறந்து உலர்த்திவிட்டால் போச்சு என்று நினைத்தாள்.

கத்தி முனையால் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தாள்.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. ஈர வைக்கோலின் புளித்த வாடையை எதிர்பார்த்திருந்தாள். வந்தது அது இல்லை. விடியற்காலையில் போர்வைக்குள்ளிருந்து வருமே, தூங்கி எழுந்த உடம்பின் மணம், அது. காற்று வந்தது. நின்றது. உள்ளே போனது. மறுபடி வந்தது. வைக்கோல் நுனிகள் அதற்கேற்ப வெளியே சாய்ந்து, உள்ளே சாய்ந்தன.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயும் நின்றது.

விட்டாள். உள்ளேயும் விட்டது.

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கம். இதமாக இருந்தது. பக்கத்தில் ஒரு மனுஷமூச்சு பட்டு எத்தனை நாளாயிற்று! ஓடிப்போயிருக்க வேண்டியவள், கன்னத்தை அந்த ஓட்டையோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெதுவெதுப்பு. வைக்கோல் கன்னத்தில் உரசியது. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது அது உள்ளே இழுத்தது.

ஒரே இழுப்பு. நீளமான இழுப்பு. நிற்கவே இல்லை. வாய் திறந்தது. நெஞ்சு ஒட்டியது. காது அடைத்தது. கையைச் சுவரில் ஊன்றித் தள்ளினாள். வரவில்லை. தள்ளினாள். வந்துவிட்டாள்.

தடுமாறிக் கண்ணாடியைத் தூக்கி வைத்தபோது திருகுகள் வைக்கோலுக்குள் விழுந்துவிட்டன. கைக்குக் கிடைத்தது ஒன்று. மேல் விளிம்பின் நடுவில் அதை முடுக்கினாள். காலண்டர் மாதிரி அந்த ஒரே திருகில் கண்ணாடி தொங்கி நின்றது.

கூரைக்குள் மெஷினின் இரைச்சல் குறைந்தது. ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தாள். ஒரே ஒரு பச்சைக் கோடு. கண்ணாடியிலும் வெண்மை வற்றிக்கொண்டிருந்தது. சரியாகிவிட்டது! திறந்ததும் ஈரம் போய்விட்டது, மற்றதெல்லாம் மனப்பிரமை, தனியாகக் கிடந்தால் மனசு இப்படித்தான் கண்டதையும் நினைக்கும். அக்காவுக்குப் போன் போட்டு நாளைக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் சாப்பிடக்கூட மறந்து படுத்துவிட்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஊசி மாதிரி ஒரு கருவியைச் சுவரில் அங்கங்கே குத்திப் பார்த்தார்.

"சருகா காஞ்சிருக்கு. எத்தனை பேரு தங்கியிருக்கீங்க?"

சின்னவள் பதில் சொன்னாள்.

"என்னம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"வர்றவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியே தொண்ட கட்டிக்கிச்சு சார் இவங்களுக்கு" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

எல்லாருக்கும் டீ போட்டாள். தன் டம்ளரை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். ஆவி அசையாமல் நேராகவே எழும்பியது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுகிறாரா என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தவள் அப்படியே டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வெயில் தாழ்ந்த நேரத்துக்கு அக்கா வந்தாள். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு குட்டி. வாசலில் கிடந்த குழந்தைச் செருப்பில் காலை நுழைத்துப் பார்த்து, "அம்மா, எனக்குச் சரியா இருக்கு!" என்று கத்தினாள்.

"உனக்குத்தான்டி கண்ணு" என்றாள் சின்னவள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"என்னடி இது, பேசுறது எனக்கே கேக்கல" என்றாள் அக்கா. "சுடுதண்ணி குடிச்சியா? முகமும் வெளுத்துக் கெடக்கு. சரி, உன் மவ இனி உன் பாடு. இருட்டுறதுக்குள்ள நான் கெளம்புறேன்."

கிளம்பும்வரை பலகையில் மூன்று கோடு எரிந்ததைச் சின்னவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா, குட்டி, நான். கணக்குச் சரி. அக்கா போய்க் கதவு பொதுக்கென்று சாத்திக்கொண்டதும் ஒன்று அணைந்தது. குட்டி, நான். சரியாக இரண்டு. இத்தனை நாள் பொய்யாக அடுக்கிவைத்த வீடு இப்போது நிஜமாகிவிட்டது என்று நினைத்தபோது, கட்டிப்பிடித்துக்கொள்ளக் கை பரபரத்தது. பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, கை சில்லுனு இருக்கு" என்று நெளிந்த குட்டி, படுக்கையறை அலமாரிக் கண்ணாடிக்கு ஓடினாள். வாயை அகலத் திறந்து ஹாவென்று ஊதினாள். வட்டமாக ஆவி படிந்தது. அதில் விரலால் ஒரு முகம் வரைந்தாள்.

"இது நான். இப்ப நீ ஊது. உன்னையும் வரையறேன்."

சின்னவள் குனிந்து ஊதினாள்.

கண்ணாடியில் ஒன்றும் படியவில்லை.

"பலமா ஊதும்மா!"

கிட்டே போனாள். உதடு படும் அளவுக்குக் கிட்டே. ஊதினாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதற்குள்ளிருந்து அவள் கண்கள் அவளையே பார்த்தன. கையை மூக்குக்குக் கீழே வைத்தாள். காத்திருந்தாள். நெஞ்சில் வைத்தாள். காத்திருந்தாள். கடைசியாக அது எப்போது எழுந்து தாழ்ந்தது?

நேற்று. கூடத்தில்.

அப்படியென்றால் அந்த இரண்டு கோட்டில் ஒன்று குட்டி. இன்னொன்று?

"போம்மா, உனக்கு வெளையாடவே தெரியல." குட்டியின் காலடிச் சத்தம் கூடத்துக்கு ஓடியது. விளக்கு எரிந்தது. ஸ்டூலை இழுக்கும் சத்தம். பிறகு சிரிப்பு. "அம்மா! இங்க யாரோ உள்ள இருந்து ஊதுறாங்க!"

சின்னவள் ஓடினாள்.

ஸ்டூல் மேல் குட்டி. ஒற்றை விரலால் கண்ணாடியை ஒதுக்கியிருந்தாள். கன்னம் ஓட்டையோடு ஒட்டியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"உன் வாசனை வருதும்மா."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி. குட்டீ. உதடு மட்டும் அசைந்தது. கூடம் நீண்டது. கை நீட்டினாள். வைக்கோல் நுனிகள் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்தன. தோளைப் பிடித்தாள். இழுத்தாள். இழுத்தாள்.

குட்டி வந்துவிட்டாள். கண்ணாடி தானாக ஆடி, பழைய இடத்தில் போய் நின்றது.

பிள்ளையைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கன்னத்தில் வைக்கோல் அழுத்திய கோடுகள். சமையலறையில் ஒரு பச்சை வெளிச்சம் அணைந்தது.

"நான் செஞ்சு காட்டுறேன் பாரு" என்று குட்டி சொன்னாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, சாட்சிக் கண்ணாடிக்கு நேராக, தன் பலம் முழுவதையும் சேர்த்து ஊதினாள். ஒன்றும் படியவில்லை. இன்னொரு தடவை ஊதினாள். அப்போது மெல்ல மெல்ல, நடுவிலிருந்து ஓரம்வரை, கண்ணாடி வெளுத்தது.

"பாத்தியா, வந்துடுச்சு!"

அம்மாவை வரைவதற்காக விரலை வைத்து இழுத்தாள். கோடு விழவில்லை.