கைப்பிடி மேலே இருக்க வேண்டும்

அதிகாரி கட்டிவிட்டுப் போன கம்பி பிரிந்து தரையில் கிடந்தது. அறுந்து கிடந்திருந்தால் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். துரு என்றோ எலி என்றோ மனசு ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கும். ஆனால் இதை யாரோ ஒவ்வொரு சுற்றாக, அவசரமே இல்லாமல் பிரித்து எடுத்திருந்தார்கள். கம்பி மேலே தாங்கியிருந்த காற்றுவழிக் கைப்பிடி, சுவரில் அது ஏறி இறங்கும் பிளவின் அடிவரைக்கும் இறங்கி நின்றது.

அவள் மேலே தள்ளினாள். சுவருக்குள் தகடு கறகறவென்று திரும்பியது. பக்கத்துச் சல்லடை வழியாக வெளிக்காற்று, தெருவின் ஈரமும் லாரிப் புகையுமாக முகத்தில் விழுந்தது. மேலே அறிவிப்பு ஒட்டியிருந்தது. அடுப்பு எரியும்போது கைப்பிடி மேலே இருக்க வேண்டும். எவ்வளவு காற்று வெளியே போகிறதோ அவ்வளவு புதுக்காற்று உள்ளே வர வேண்டும். உள்காற்றைத் திருப்பி உள்ளே விடக் கூடாது. கைப்பிடி கீழே இருந்தால் வெளிவழி அடைபட்டு, விசிறி இதே அறையின் காற்றை இதே அறைக்குள் திருப்பி ஊதும். அடுப்பை அணைத்துவிட்டுக் கழுவும் நேரத்துக்கு மட்டும் அதற்கு அனுமதி உண்டு.

மூன்று மாதத்துக்கு முன், இந்தக் கீழ்த்தளச் சமையலறையில் நாலு அடுப்பும் எரிந்துகொண்டிருக்கையில், கைப்பிடி கீழே இருந்தது. அன்றைக்குச் சமையல் மாஸ்டர் அவள் புருஷன். அவள் பாத்திரம் கழுவுகிறவள். விசாரிக்க வந்த அதிகாரி, 'இறந்தவரே இறக்கியிருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

இன்றுதான் ஓட்டலை மறுபடி திறக்கிறார்கள். மாஸ்டர் இடத்தில் புருஷனின் தம்பி.

"என்ன அண்ணி, வந்ததுலேருந்து அந்தக் கைப்பிடியவே மொறச்சிக்கிட்டு நிக்கிறீங்க? மாமியார்னு நெனப்பா?"

"கம்பி அவுந்திருக்கு தம்பி."

"அண்ணன் ஏப்ரன் முடிச்சு மாதிரி போட்டிருப்பாங்க. அது என்னைக்கு நின்னுச்சு?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போல, அவன் சட்டென்று திரும்பி அடுப்புகளைப் பற்றவைத்தான். பின்னாலிருந்து பார்த்தால் தோளும் பிடரியும் அப்படியே அண்ணன். இவனிடமாவது இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். செத்தவன் தலையில் போட்ட பழியை எத்தனை நாளைக்கு அவன் மேலேயே விட்டுவைப்பது?

தொட்டியில் வெந்நீர் நிரம்பியது. சோப்பு நுரை, வெங்காயம் வதங்கும் வாசனை, கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே விசிறியின் கனத்த இரைச்சல். வேலை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, அரைமணி போனது தெரியவில்லை. பிறகு அந்த இரைச்சல், காதில் பஞ்சு அடைத்தது போல மெல்ல அமுங்கிவிட்டது அவளுக்கு உறைத்தது.

நிமிர்ந்தாள். கைப்பிடி கீழே.

ஓடிப்போய்த் தள்ளினாள். பாதி ஏறியது. பிறகு அவள் கைக்குள்ளேயே, ஒரு குழந்தையைப் படுக்க வைக்கிற பதத்தில், இறங்கியது.

சல்லடையிலிருந்து வந்தது தெருக்காற்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு தரம் வந்து நின்றது. மறுபடி வந்தது. அதில் தைல வாசனை.

அன்றைக்கும் தைலம் தேய்த்திருந்தான். மூன்று நாள் மழை, கழுத்துப் பிடிப்பு. 'குளிருதுடி. அந்தக் காத்து நேரா பிடரியில விழுது. கொஞ்ச நேரம் மூடேன்' என்றான். அவள்தான் இறக்கினாள். கழுவிய தட்டுகளை மேலே கொண்டுபோனவள், அங்கே பேச்சுச் சுவாரஸ்யத்தில் நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது அவன் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.

"அண்ணி."

திரும்பினாள். கொழுந்தன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"தலை ஒரு மாதிரி சுத்துது."

"வெளிய போ தம்பி. எந்திரி."

"ரெண்டு நிமிஷம். உக்காந்துட்டுப் போறேன்."

அடுப்பின் நீலம் ஓரத்தில் மஞ்சளானது. ஒன்று. அடுத்தது.

"அன்னைக்கு இதை இறக்குனது நான்தான்" என்றாள். மூன்று மாதம் தொண்டையில் கிடந்தது, அவ்வளவு சின்னதாக வெளியே வந்தது. "உங்க அண்ணன் இல்ல. நான்."

அவன் மோவாய் நெஞ்சில் கவிழ்ந்திருந்தது.

அடுப்பை அணைக்க வேண்டும். நாலே எட்டு தூரம். அவனை இழுத்துக்கொண்டு படியேற வேண்டும். கையை எடுத்தால் போதும்.

"குளிருதுடி."

சல்லடைக்குள்ளிருந்து. கெஞ்சலாக. கோபமே இல்லாமல்.

கைப்பிடி ஏறி இறங்கும் பிளவிலிருந்து விரல்கள் வந்தன. எண்ணெய் தெறித்த தழும்புகள். நகத்தடியில் மாவு. அவள் விரல்களின் மேல் ஒவ்வொன்றாக மடிந்தன. சூடாக இருந்தன. இறுக்கவில்லை. இழுத்தால் வந்துவிடும்.

பின்னால் கரண்டி தரையில் விழுந்து உருண்டு நின்றது. நாலு அடுப்பும் மஞ்சள்.

அவள் கையை இழுக்கவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து, அந்த விரல்களின் மேல் பொத்தி வைத்தாள்.