வராத புள்ளி

"அண்ணே... கேக்குதா? அண்ணே!"

வாக்கி டாக்கியில் கரகர சத்தம் மட்டும்.

விமானம் கிளம்பி அரை மணி நேரம். மானிட்டரில் உத்திரமேரூர் மேப் இருக்கிறது. அதில் நகர வேண்டிய சிவப்புப் புள்ளி வரவே இல்லை!

எங்காவது விழுந்து கிடந்தால்? எங்கே போய்த் தேடுவது?

என் அண்ணன் ஏசுதாஸும் அவன் கூட்டாளி கலைச்செல்வனும் சேர்ந்து கட்டிய விமானம். மரச்சட்டம், மேலே துணி. வற்றிய ஏரிதான் ரன்வே. விமானம் இருக்கும் இடத்தைக் காட்டுகிற ரேடியோவை, ஏரியலோடு வாலுக்குள் பொருத்தியது நான். சோபியா, வயது பதினேழு. துணிக்குள் இருந்தாலும் அலை வெளியே போகும். சுவிட்சையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். பறக்கும்போது யாரும் அணைக்க முடியாது!

நேற்று புள்ளி பளிச்சென்று வந்ததே...

இன்று மட்டும் என்ன ஆனது?

சட்டென்று உறைத்தது. ஆயுத பூஜை!

"கலைண்ணா! வால் பூரா ஜிகினா பேப்பர் ஒட்டினது யாரு?"

ஷெட் வாசலில் பொரி மென்றுகொண்டிருந்த கலைச்செல்வன் திரும்பினான்.

"டிராக்டருக்கே ஒட்றோம், பிளேனுக்கு ஒட்டக்கூடாதா? ஷோக்காதான கீது!"

"அது உலோகம்ணா! அத்த சுத்திட்டா ஏரியல் செத்துப்போச்சு! அலை வெளிய வராது! நீதான ஒட்டின? எங்க அண்ணன சாவடிக்கப் பாக்கறியா?"

பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன்.

"அடிப்பாவி! ஒட்னது உங்கண்ணன்! 'இன்னாடா ஏசு, சர்ச்சுக்குப் போறவனுக்குப் பூஜை மேல இம்மாம் பக்தி'ன்னு நானே கேட்டேன். சிரிச்சிக்கினே ஒட்டினான்!"

கை தானாக நழுவியது.

ஏரியல் கிட்டே உலோகம் ஆகாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்...

வாக்கி டாக்கி உயிர் பெற்றது!

"சோபி... நான் நல்லாக்கீறன். போலீஸ் வரும். சீட்டுக்குப் பின்னால சாக்குமூட்டைய வச்சது கலைன்னு சொல்லிடு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

"மூட்டையில இன்னாண்ணே?"

"உனக்கு எதுக்கு? என் தங்கச்சிதான நீ?"

துண்டித்துவிட்டான்.

கலைச்செல்வன் வாயில் பொரி அப்படியே நின்றது.

"மூணு வருசம் ஒரே தட்டுல துன்னோம் சோபி..."

சர்ர்ரக்! வாசலில் ஜீப்.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி குதித்து இறங்கினார்.

"பக்கத்து ஊர் கோயில்ல அம்மன் சிலையக் காணோம். காலையில உங்க பிளேன்ல மூட்டை ஏறினத மாடு மேய்க்கிறவன் தூரத்துல இருந்து பாத்திருக்கான். யார் ஏத்தினதுன்னு முகம் தெரியலையாம்."

என் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா ஏத்தினது?"

அண்ணன் பெயரைச் சொல்வதா, கலைண்ணா பெயரைச் சொல்வதா?

கலைச்செல்வன் என்னையே பார்த்தான். குரல் அடங்கி வந்தது.

"ரெக்கை கீறவன் போய்ட்டான் சோபி... செருப்பு கூட இல்லாத நான் எங்க போவேன்?"