இரண்டாவது மைக் ஸ்டாண்டு

எங்கள் குடும்பத்தார் மேடையில் சுருதி தவறிப் பாடினார்கள் என்று எவரும் சொன்னதில்லை. சொல்ல நாங்கள் விட்டதும் இல்லை. அந்தப் பெருமைக்கு ஒருநாள் சோதனை வந்தது. அதைச் சமாளித்தவள் எங்கள் வீட்டின் மிகச் சின்ன ஆள்.

அவளைச் சுண்டு என்று கூப்பிடுவோம். வயது பத்து. அவளுடைய அப்பா கீபோர்டு வாசித்தபடியே பாடுவார். அப்பாவின் அக்கா, அதாவது சுண்டுவின் அத்தை, பக்கத்தில் நின்று இரண்டாவது குரல் கொடுப்பார். சித்தப்பா வேன் ஓட்டுவார், ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொள்வார், மீதி நேரத்தில் எல்லோரையும் கிண்டல் செய்வார்.

போன வருடம் அத்தைக்குத் தொண்டையில் நோய் வந்தது. குணமாகி வந்து பாடிய முதல் நிகழ்ச்சியிலேயே, பாட்டின் உச்சியில் அவர் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் இறுகிப்போனது.

சீக்கிரமே புதுக் கீபோர்டு ஒன்று வீட்டுக்கு வந்தது. அதற்குள் ஹார்மனைசர் இருந்தது. அப்பா மைக்கில் பாடினால் போதும். அவருடைய இடது கை அழுத்தும் கட்டைகளுக்குப் பொருந்துகிற மாதிரி, அவர் குரலிலிருந்தே இன்னும் இரண்டு குரல்களை அது உண்டாக்கிவிடும்.

"மூணு அண்ணன் பாடுற மாதிரி இருக்கு. ஒருத்தரையே நம்மால சமாளிக்க முடியலை!" என்றார் சித்தப்பா.

அத்தையிடம், "இனிமேல் பாடாதே" என்று ஒருவரும் சொல்லவில்லை. வேனில் எப்போதும் இரண்டு மைக் ஸ்டாண்டுகள் ஏறும். இப்போது ஒன்றுதான் ஏறியது. அவ்வளவுதான். அத்தை அதைப் பார்த்தார். ஆனாலும் எல்லா நிகழ்ச்சிக்கும் கூடவே வந்தார். கேபிள்களைச் சுருட்டினார். தம்பியின் தொண்டைக்கு பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

சுண்டுவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. அப்பாவின் இரண்டு கைகளும் வாசிப்பில் இருப்பதால், பாட்டு தொடங்கும்போது ஹார்மனைசர் பொத்தானை அவள் அழுத்த வேண்டும். பாட்டு முடிந்ததும் அணைக்க வேண்டும். மறந்தால் அப்பா பேசுவதும் மூன்று குரலில் கேட்கும்.

அன்று ஒரு தலைமை ஆசிரியை ஓய்வு பெறும் விழா. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு முடியும் நேரத்தில் சுண்டு தற்செயலாகத் திரைப் பக்கம் பார்த்தாள். அங்கே அத்தை பிளாஸ்கை அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லாமல் தன்னுடைய இரண்டாவது குரலைப் பாடிக்கொண்டிருந்தார்.

சுண்டுவால் கண்ணை எடுக்க முடியவில்லை. பாட்டு முடிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களே!" என்றார் அப்பா.

ஒரு அப்பா இடி மாதிரி முழங்கினார். ஒரு அப்பா சாதாரணமாகப் பேசினார். மூன்றாவது அப்பா எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டார்.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. "அமைதி! அமைதி!" என்று மூன்று பேரும் கெஞ்சினார்கள். சிரிப்பு இன்னும் கூடியது. தலைமை ஆசிரியையே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் அப்பா பொரிந்து தள்ளினார். "உனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை! குடும்ப மானமே போச்சு!"

"அத்தையைப் பார்த்துட்டு இருந்தேன்ப்பா. அவங்க அங்க நின்னு பாடுறாங்க. சத்தம் வராம."

அப்பா திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுண்டு அத்தையிடம் ஓடினாள்.

"அத்தை, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி பாடுங்களேன்."

"மேல ஏறாதுடி. உடைஞ்சுடும்."

"ஏற வேணாம். கீழயே பாடுங்க."

அத்தை தயங்கினார். பிறகு மெல்லப் பாடினார். குரல் அடியில், கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அசையாமல் நின்றது. சுண்டு அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"அப்பா, மிஷின்ல மேல் குரல் ஒண்ணை மட்டும் வைக்கலாம்ல? உச்சியை அது பார்த்துக்கட்டும். கீழ அத்தை பாடட்டும்."

"குரல் உடைஞ்சா? என் அக்காவைப் பார்த்து இன்னொரு தடவை ஊரே சிரிக்கணுமா?"

"இன்னைக்கு ஏற்கெனவே சிரிச்சு முடிச்சுட்டாங்கப்பா. இனிமே சிரிக்க அவங்ககிட்ட என்ன இருக்கு?"

சித்தப்பா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அப்பா அத்தையைப் பார்த்தார்.

"பாடுறியா, அக்கா?"

"ஸ்டாண்டு கொண்டு வரலையே, தம்பி."

அப்பாவின் தலை தானாகக் குனிந்தது.

"உதிரி மைக் இருக்கு" என்றார் சித்தப்பா.

அத்தை அதை வாங்கினார். கையில் பிடித்துப் பாடிப் பழக்கமில்லாமல் இப்படியும் அப்படியும் திருப்பினார். சுண்டு மைக்கைத் தன் கையில் வாங்கி, அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நான்தான் ஸ்டாண்டு" என்றாள்.

பாட்டு தொடங்கியது. மிஷின் மேலே பாடியது, அப்பா நடுவில், அத்தை கீழே. உச்சி வந்தபோது அப்பா அக்காவையே பார்த்தார். குரல் உடையவில்லை. அரங்கத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. சுண்டுவுக்குக் கை கடுத்தது. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பாட்டு முடிந்த நொடியில் ஓடிப்போய்ப் பொத்தானை அணைத்தாள்.

கைதட்டல் ஓய நேரமானது.

"அடுத்ததும் பாடு, அக்கா" என்று அப்பா கிசுகிசுத்தார். அத்தை வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வேண்டாம் என்று கையசைத்து விலகிக்கொண்டார்.

வேனில் சாமான் ஏற்றும்போது அப்பா கேட்டார். "தொண்டை வலிக்குதா?"

"வலி இல்லை. ஒரு பாட்டுக்குத்தான் தாங்குது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா பாடணும், சும்மா விட்டா குரல் சுருங்கிடும்னு டாக்டர் அப்பவே சொன்னார்."

"நீ சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே, தம்பி."

அப்பாவின் கையிலிருந்த கேபிள் பாதி சுருட்டியபடியே நின்றது. போன மாதங்களில் அக்காவைப் பாடவிடாமல் நடத்திய நிகழ்ச்சிகள் எத்தனை! அவற்றில் ஒன்றைக்கூட இனி திரும்ப நடத்த முடியாது. சித்தப்பாகூட அன்று கிண்டல் செய்யவில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது அப்பா தானே உள்ளே போனார். பரணிலிருந்த ஸ்டாண்டை இறக்கி, தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, வேனில் முதல் சாமானாக வைத்தார்.

"ஒரே பாட்டுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய ஸ்டாண்டு?" என்றார் அத்தை.

"ஒரு பாட்டுன்னாலும் அது உன் இடம், அக்கா."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுண்டுவுக்கு மட்டும் ஒரு கவலை. "அப்போ என் ஸ்டாண்டு வேலை போச்சா?"

"உனக்கு வேற வேலை இருக்குடி" என்றார் அத்தை, அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து. "அந்தப் பொத்தானை ஒழுங்கா அணை. உங்கப்பா ஒருத்தர் பேசினாலே எனக்குப் போதும்."