வலது காலில் ஒரு முடிச்சு

ட்ர்ர்ர்ரிங்...! ட்ர்ர்ர்ரிங்...!

அந்த வெளிநாட்டு ஓட்டலின் சலவைக்கூடத்துச் சுவரில் தொங்கிய ஃபோன் காலங்காத்தாலே அலறியது.

நீராவிக்கு நடுவே நின்று, படுக்கை விரிப்பை இஸ்திரி மிஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்த மிளகாய் நிமிரவே இல்லை.

மிளகாய் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. அவளிடம் ஒரே ஒரு தடவை வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவே மாட்டார்கள்.

"ஏய் மிளகா! உனக்குத்தான் ஃபோன்!" சூப்பர்வைசர் கத்தினார். "போலீஸாம்!"

ஓடிவந்து எடுத்தாள்.

"சிமெண்ட்டுன்னு ஒருத்தர்... உங்களுக்கு என்ன உறவும்மா?"

"எங்க அண்ணன். கொத்தனாரு. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஏன் சார்... என்னாச்சு?"

"உடனே உங்க விடுதிக்கு வாங்க. மாடிப்படியில இருந்து விழுந்துட்டாரு."

"அடி பலமா?"

எதிர்முனையில் ஃபோனை வைத்துவிட்டார்கள்.

அதுவே பதில்!

* * *

தொழிலாளர் விடுதியின் மாடிப்படி. கடைசிப் படிக்குக் கீழே அண்ணன் கிடந்தான். தலைக்கு அடியில் ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. வேலைக்குக் கிளம்பிய கோலம். சட்டையில் நேற்றைய சிமெண்ட்.

அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கால்களைப் பார்த்தாள். கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது கால் ஷூவின் லேஸ் கட்டப்படாமல் உள்ளே செருகப்பட்டிருந்தது. அண்ணன் எப்போதும் அப்படித்தான். சிமெண்ட் தின்ற விரல்கள் முடிச்சுப் போட வளையாது.

வலது கால் ஷூ...?

லேஸ் இறுக்கி, இரட்டை முடிச்சாகப் போட்டு, முனைகள் பக்கவாட்டில் செருகப்பட்டிருந்தன!

"நான்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணேன்."

இன்ஸ்பெக்டர். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஒல்லியான உடம்பு, தூக்கம் கெட்ட கண்கள்.

"ஆறு மணிக்கு ஏதோ உருண்ட சத்தம் கேட்டிருக்கு. வாட்ச்மேன் எங்களுக்கு ஃபோன் பண்ணிட்டு, கேட்டைத் திறந்து வச்சுட்டு வெளியிலயே நின்னுட்டான். பயந்தாங்கொள்ளி! கால் தவறி விழுந்ததா, யாராவது தள்ளுனதான்னு பார்க்கணும்."

"தள்ளுனதுதான் சார்!"

பின்னாலிருந்து வந்தது குரல். மிளகாயின் புருஷன். கம்பெனி வேன் ஓட்டுகிறவன். இதே விடுதியில்தான் புருஷன் பெண்டாட்டிக்கு இரண்டாம் மாடியில் ஒரு அறை. அண்ணனுக்கு மூன்றாம் மாடி.

"நேத்துக்கூட மச்சானுக்கும் ஃபோர்மேனுக்கும் பெரிய சண்டை சார்! ஓவர்டைம் காசைக் கேட்டாரு. 'உன்னை இருக்கிற இடம் தெரியாம பண்ணிடுவேன்'னு அந்த ஆளு சொன்னான். நான் என் காதால கேட்டேன்... ஐயோ மச்சான்!"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினான்.

ஓரமாக நின்ற ஃபோர்மேனுக்கு முகம் சிவந்தது. "யோவ்! கோவத்துல ஆயிரம் சொல்றதுதான்! அதுக்காக ஆளைத் தள்ளி விட்டுடுவேனா? நானே அரைமணி முன்னாடிதான் வந்தேன்!"

"அதை யாரு பார்த்தா?"

"நீ மட்டும் எங்கய்யா இருந்த?"

"வேனைக் கழுவிட்டு இருந்தேன்!"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" மிளகாய் கத்திய கத்தலில் மாடிப்படியே அதிர்ந்தது. "பொணத்துக்கு மேல நின்னு பஞ்சாயத்து பண்றீங்களா? அண்ணனோட ஃபோன் எங்க?"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "ஃபோனா? பாக்கெட்ல எதுவுமே இல்லையேம்மா."

அவள் தன் கைப்பையைத் திறந்தாள். வேலை நேரத்தில் லாக்கரில் பூட்டிக் கிடக்கும் அவளுடைய ஃபோனில் ஒரு செய்தி காத்திருந்தது.

படித்தாள். ஃபோனை இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சார்... இதைப் பாருங்க. அண்ணன் விழுந்து அரைமணி கழிச்சு, அவரோட பேங்க் கணக்குல இருந்து மொத்தப் பணத்தையும் வேற கணக்குக்கு மாத்தச் சொல்லியிருக்காங்க!"

"உங்களுக்கு எப்படி செய்தி வருது?"

"என் நம்பரையும் சேர்த்து வச்சிருந்தாரு. அதுல என் சம்பளமும் இருக்கு சார். ஓட்டல்ல கையிலதான் காசு குடுப்பாங்க. மாசாமாசம் அண்ணன் கிட்ட குடுத்துடுவேன். இந்த வருஷக் கடைசியில ரெண்டு பேரும் ஊருக்குப் போய் ஒரு சலவைக்கடை போடறதா இருந்தோம். இனிமே யாரு வீட்டு அழுக்கையோ வெளுக்க வேணாம்னு சொன்னாரு..."

புறங்கையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். வங்கியின் எண்ணைத் தேடினாள்.

* * *

கூட்டத்தை விட்டு ஒதுங்கி வந்து, இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வங்கிக்கு ஃபோன் போட்டாள். அன்று வங்கிக்கு விடுமுறை. முதலில் பாட்டு. பிறகு, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.' பிறகு மறுபடி பாட்டு.

"முக்கியம்னா எடுத்துத் தொலைங்களேன்டா!"

எடுத்தார்கள். தமிழ் பேசும் பெண்.

"மேடம், கணக்கு விவரத்தை கணக்கு வச்சிருக்கிறவர் கிட்ட மட்டும்தான் பேச முடியும். அவரைப் பேசச் சொல்லுங்க."

"அவரு செத்துட்டாரும்மா!"

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். அப்ப, நேர்ல வரச் சொல்லுங்க."

"யாரை...? பொணத்தையா!"

இன்ஸ்பெக்டர் ஃபோனைப் பிடுங்கினார். பதவியைச் சொன்னார். அதட்டினார்.

போலீஸ் கடிதம் வேண்டும், அதைப் பார்க்கும் பிரிவு நாளை மதியம்தான் திறக்கும் என்றது பதில். பொதுவான விதியை மட்டும் சொல்ல முடியுமாம். புதுக் கணக்குக்குப் பெரிய தொகை அனுப்பினால் உடனே போகாது. மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள், அதே ஃபோனில், பதிந்து வைத்த விரலை இன்னொரு தடவை வைத்து உறுதி செய்ய வேண்டும். வைத்தால் பணம் போய்விடும். வைக்காவிட்டால் கணக்கிலேயே இருக்கும்.

"விரலா?" இன்ஸ்பெக்டர் குழம்பினார். "கொத்தனாருக்குத்தான் விரல்ல ரேகையே இருக்காதே!"

"இல்லதான் சார். கம்பெனி வருகை மிஷின்கூட அண்ணன் கையை ஏத்துக்காது. அதனால ஃபோனுக்கு..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கால் கட்டைவிரலைப் பதிஞ்சு வச்சிருந்தாரு. வலது கால்!"

"காலா!"

"ஊருக்குப் பணம் அனுப்பறப்பல்லாம் ஷூவைக் கழட்டிட்டு உட்காருவாரு. பேங்க் கவுண்டர் மேலயும் காலைத் தூக்கி வைப்பியான்னு விடுதியே சிரிக்கும்."

இன்ஸ்பெக்டரின் பார்வை அந்த வலது ஷூவுக்குப் போனது. அந்த முடிச்சுக்குப் போனது.

"கடவுளே...! தள்ளிவிட்டுட்டு, ஷூவைக் கழட்டி, உடம்பு சூடு ஆறுறதுக்குள்ள கால் விரலை வச்சுத் திறந்திருக்கான்! மறுபடி மாட்டி விடும்போது பழக்கதோஷத்துல முடிச்சுப் போட்டுட்டான்!"

"ஆமா சார். அவன் கிட்ட அந்த ஃபோன் இன்னும் இருக்கு."

அவள் அவர் காதருகே குனிந்து எதையோ சொன்னாள். அவர் யோசித்தார். தலையாட்டினார்.

மறுநிமிஷம் மிளகாய், கூடி நின்ற கூட்டத்தின் நடுவே ஓவென்று அழுதாள். ஃபோர்மேன் இருந்தான். புருஷன் இருந்தான். பாதி விடுதி இருந்தது.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள அண்ணன் விரலை வைக்கலைன்னா பணம் போகாதாம்! எடுத்த பாவி யாரோ, நல்லா ஏமாந்தான்! பத்து மணிக்கு எங்க அண்ணனைப் பொட்டிக்குள்ள வச்சு ஆணி அடிச்சுடுவாங்க. ஒம்போது மணிக்கு மேல சவக்கிடங்குல யாரு வேணா போய் முகம் பார்க்கலாமாம்... வந்து பாருங்க எல்லாரும்!"

* * *

சவக்கிடங்கு. காலை ஒன்பதே கால்.

குளிரில் பல் கிட்டியது. காவலாளியின் சின்ன அறைக் கதவுக்குப் பின்னால் மிளகாயும் இன்ஸ்பெக்டரும் நின்றார்கள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

"ஃபோர்மேன் வருவானா?" அவர் கிசுகிசுத்தார்.

அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

காலடிச் சத்தம்...!

தொப்பியை முகம் வரை இழுத்துவிட்ட ஒரு உருவம் உள்ளே நுழைந்தது. அங்குமிங்கும் பார்த்தது. அண்ணனின் மேஜை அருகே வந்தது.

முகம் பார்க்க வருகிறவர்கள் தலைப்பக்கம் துணியை விலக்குவார்கள். அந்த உருவம் கால்பக்கம் விலக்கியது!

பாக்கெட்டிலிருந்து ஃபோன் வெளியே வந்தது. விறைத்த கட்டைவிரல் மேல் அழுந்தியது.

விர்ர்ர்...

ஃபோன் அதிர்ந்து மறுத்தது.

கைக்குட்டையால் விரலைத் துடைத்தான். வாயால் ஊதிச் சூடேற்றினான். மறுபடி வைத்தான்.

விர்ர்ர்...

"திறந்து தொலையேன் சனியனே...!"

அந்தக் குரல்!

இன்ஸ்பெக்டர் கதவை உதைத்துக்கொண்டு பாய்ந்தார். தொப்பி பறந்தது.

ஃபோர்மேன் இல்லை.

மிளகாயின் புருஷன்!

பேயறைந்த மாதிரி நின்றான். ஆனால் நாக்கு மட்டும் உடனே வேலை செய்தது.

"சார்... மச்சான் கால்ல விழுந்து கும்பிட வந்தேன் சார்!"

"கையில ஃபோனோடயா?"

"படிக்கட்டுக்குக் கீழ கிடந்துச்சு. அவரு பொருள் அவருகிட்டயே இருக்கட்டும்னு..."

"செத்தவருக்கு யாருய்யா ஃபோன் பண்ணப் போறாங்க?"

மிளகாய் மெதுவாக வெளியே வந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியத்தின் சாயல்கூட இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" இன்ஸ்பெக்டர் திகைத்தார்.

"அந்த முடிச்சைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு சார்! இந்த மனுஷன் தினமும் குடிச்சுட்டு வந்து கட்டில்ல விழுவாரு. இவரு ஷூவை அவுத்து விடறவ நான். வருஷக்கணக்கா என் நகம் தேய அவுத்த முடிச்சு எனக்குத் தெரியாதா? பேரைச் சொல்லியிருந்தா மறுத்திருப்பாரு, ஃபோனைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பாரு. அதான் இங்க வரவச்சேன்."

"பொய்!" அவன் சீறினான். "முடிச்செல்லாம் ஒரு சாட்சியா? அந்த ஃபோனைத் திறந்து பாருங்க! என் பேர்ல சல்லிக்காசு போயிருக்கான்னு காட்டுங்க! முடியாதுல்ல? பொணத்து விரலுக்குத்தான் திறக்க மாட்டேங்குதே... நானே பார்த்தேனே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது அவனுக்கு. இருந்தும் உதட்டோரம் ஒரு கோணல் சிரிப்பு. திறக்காத ஃபோன் பேசாது அல்லவா?

மிளகாய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "நீங்க சாட்சி சார்."

அவர் ஃபோனை நீட்டினார்.

அவள் தன் இடதுகைச் சுண்டுவிரலை வைத்தாள்.

க்ளிக்!

ஃபோன் திறந்துகொண்டது!

அவன் சிரிப்பு செத்தது.

"இஸ்திரி சூட்டுல எனக்கும் மத்த விரல்ல ரேகை போயிடுச்சு. மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். 'எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ திறந்துக்கோ'ன்னு அண்ணன் இதையும் பதிஞ்சு வச்சாரு. உங்க கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாரு. என் சம்பளத்தை நான் அண்ணன் கிட்ட குடுத்து வச்சதே, உங்க ஆன்லைன் சீட்டாட்டத்துக்குப் போயிடக் கூடாதுன்னுதான்!"

திரையில் வங்கிப் பக்கம் விரிந்தது. பணம் போக வேண்டிய புதுக் கணக்கு. அதற்கு நேராக ஒரு பெயர்.

அவளுக்குத் தாலி கட்டியவனின் பெயர்!

"நான்... நான் கடனாத்தான் கேட்டேன்," அவன் உளறினான். "குடுக்க மாட்டேன்னாரு. கோவத்துல லேசாத்தான் தள்ளினேன்..."

அவளுக்குள் இத்தனை நேரம் அடக்கி வைத்தது வெடித்தது. அவனை ஒருநாளும் 'நீங்க' தவிர வேறு வார்த்தையில் அழைத்தறியாத வாய் அது.

"லேசாவா? டேய்! அவரு மூச்சு அடங்கிச்சா இல்லையான்னுகூடப் பார்க்காம ஷூவைக் கழட்டினியேடா! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக உனக்கு வேன் இருந்துச்சேடா! நீ தேடின சாவி ராத்திரி பூரா உன் பக்கத்துலதானே படுத்திருந்துச்சு... பொண்டாட்டி கையை ஒரு நாளாவது ஆசையா பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்! உனக்கு அதுகூட வேண்டாம்னு போச்சு!"

அவன் தலை கவிழ்ந்தது.

திரையில் 'நிராகரி' என்றிருந்த இடத்தில் சுண்டுவிரலை அழுத்தினாள். அழுத்தி, எடுக்காமலே நின்றாள். பிறகு அண்ணனின் பாதத்தைத் துணியால் மூடினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நிஜமான அழுகை.

"பணம் பத்திரம்மா," இன்ஸ்பெக்டரின் குரல் இளகியது. "பேங்க் பூட்டி வைக்கும். அண்ணனுக்கு நீங்கதான் வாரிசுன்னு காகிதம் வந்ததும் வாங்கிக்கலாம். கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்."

"அலையறேன் சார். அண்ணன் பேர்லதான் கடை."

இன்ஸ்பெக்டர் அவன் கையில் விலங்கைப் பூட்டி, வாசலை நோக்கித் தள்ளினார். இரண்டடி வைப்பதற்குள் அவன் தடுமாறினான். அவசரத்தில் இரட்டை முடிச்சுப் போடாமல் வந்ததில் ஷூ லேஸ் அவிழ்ந்து காலில் மாட்டியிருந்தது.

பழக்கதோஷம். திரும்பி, பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என்னை எதுக்குடா பார்க்கிற?" மிளகாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீறினாள். "இனிமே நீயே கட்டிக்கோ! நீயே அவுத்துக்கோ!"

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினார்.

"அந்தக் கவலையே வேண்டாம்மா. உள்ள விடும்போதே உருவிடுவோம்... எங்க லாக்கப்புக்குள்ள லேஸே கிடையாது!"