ராகிக் குழி

லாந்தர் அணையவில்லை. கெம்பம்மாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

களத்து ஓரம் ராகியைக் கொட்டி, மூன்று வருடமாக மண் பூசி மூடிக் கிடந்த சேமிப்புக் குழி அது. மூடுகல்லை நகர்த்தினால் முதலில் கெட்ட காற்றுதான் வரும். காலையில் திறந்துபோட்டு, பொழுது சாய்ந்ததும் விளக்கை இறக்கி, அது எரிந்தால்தான் ஆள் இறங்குவது உத்தனப்பள்ளிப் பக்கத்து வழக்கம். திறந்த கையோடு இறக்கிய விளக்கு அணைந்தே ஆகவேண்டும். இதுவோ இரண்டு ஆள் ஆழத்தில் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. புளித்த வாடையோடு வெதுவெதுப்பான காற்று மேலே வந்து அவள் முகத்தில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது.

"பொழுது சாயட்டுங்க," என்றாள்.

"வெளக்குதான் எரியுதில்ல. புள்ளைங்க நேத்துலருந்து பட்டினி," என்றான் அவள் கணவன் ஆஞ்சப்பன்.

ஐம்பத்தொன்றாம் வருடம் மழை தவறி, வயலில் பயிர் கதிர் பிடிக்காமலே கருகியிருந்தது. அவள் லாந்தரை மேலே இழுத்து வைத்தாள். அவன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் புங்கமரத்தில் முடிந்துவிட்டு இறங்கினான்.

"இழு."

வேறொரு கயிற்றில் முதல் கூடை ராகி வந்தது. இரண்டாவது, மூன்றாவது. பிள்ளைகளுக்கு இன்று களி உண்டு என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. கொஞ்சம் தூசிக்கே இருமித் தீர்க்கிறவன் ஒரு தடவைகூட இருமவில்லை.

கூடையோடு லாந்தரையும் சேர்த்து இறக்கினாள். குழியின் கழுத்தைத் தாண்டியதும் அணைந்தது. தூக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினாள். அணைந்தது.

"மேல வந்துருங்க."

அள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. சரக். சரக்.

எருதை அவிழ்த்து வந்து புங்கமரத்தில் முடிந்த கயிற்றை அதன் கழுத்தில் மாற்றிக் கட்டி ஓட்டினாள். கயிறு கனத்து வந்தது. தொங்கிய கைகள். தொங்கிய தலை. இழுத்து மடியில் போட்டாள். உடம்பு விறைத்திருந்தது. மூன்று கூடை நேரத்தில் மனிதன் இப்படி விறைப்பானா? வாய் நிறைய, தொண்டை வரைக்கும், ராகி. விரலால் தோண்டினாள். தோண்டத் தோண்ட வந்தது.

சரக். சரக். சத்தம் நின்றது.

"கெம்பம்மா." ஆஞ்சப்பனின் குரல், குழிக்குள்ளிருந்து. "கயித்த எறக்கு. நான் இன்னும் கீழதான் இருக்கேன்."

மடியில் கிடந்த வாய் அசையவில்லை.

"மூச்சு முட்டுது, கெம்பம்மா."

அவள் கை, மடியில் கிடந்தவனின் இடுப்பு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது.